ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?

புற்றுநோய் வைத்தியத்தில் தமிழ்நாடெங்கும் தட்டுப்பாடில்லாமல், காசும் வாங்காமல் கிடைப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். ஸ்கேனுக்கு வரிசை உண்டு. பயாப்சி முடிவுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். காப்பீட்டு அப்ரூவல் எப்போது வரும் என்பது திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளுக்கே வெளிச்சம். அந்த வாக்கியம் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்த உடனே வந்துவிடும்: "ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க? முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

கேட்கிற டாக்டர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆள் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் வயிற்றெரிச்சலில்தான் கேட்கிறார். ஆனால் கேட்டு முடித்ததும் அந்த அறையில் ஒரு அற்புதம் நடக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் தலையைக் குனிகிறாள். பின்னால் நிற்கும் புருஷன் "நான் அப்பவே சொன்னேன் சார், கேக்கமாட்டேன்னுட்டா" என்கிறான். குற்றவாளி அகப்பட்டாயிற்று. அரசாங்கம், மந்திரி, சுகாதாரத்துறை, சட்டமன்றம், நாடாளுமன்றம் எல்லோரும் நிரபராதிகள் என்று விடுதலையாகிவிடுகிறார்கள்.

சரி, விசாரணையையே நடத்திவிடுவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் ஏதோ ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அவள் பெயரும் வேண்டாம். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் இப்படி ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம். மாதவிலக்கு நின்று ஆறேழு வருஷம் ஆனவளுக்கு ஒருநாள் திடீரென்று ரத்தம் படுகிறது. மாமியாரிடம் சொல்கிறாள். "சூடுத்தா, வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி" என்கிறது கிழவி. குடிக்கிறாள். நிற்கிறது, மறுபடி படுகிறது. மெடிக்கல் ஷாப்பில் நிற்பவன் பக்கத்துத் தெருப் பையன். "அக்கா" என்று கூப்பிடுகிறவனிடம் இதை எப்படிச் சொல்வது? "வயித்து வலிடா தம்பி" என்கிறாள். வயிற்று வலிக்கு மாத்திரை கிடைக்கிறது. வீடு தேடி வருகிற சுகாதாரப் பணியாளர் அம்மா பிரஷர் பார்க்கிறார், சுகர் பார்க்கிறார், நோட்டில் டிக் அடிக்கிறார், அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருக்கிற பதிவேடுகளைத் தூக்கவே தனி ஆள் வேண்டும். பிறகு ஒரு தனியார் கிளினிக். "ரத்தம் கம்மியா இருக்கும்மா" என்று டானிக். இதற்குள் நடவு வந்துவிட்டது. நடவு முடிந்தால் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. அது முடிந்தால் நூறுநாள் வேலை. ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அப்புறம் நாற்றம் வர ஆரம்பிக்கிறது. அதிலிருந்து அவளாகவே பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதிதான்.

கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறுகிறாள். அங்கே அந்த வாக்கியம் காத்திருக்கிறது.

அவள் பக்கத்துத் தாமதம் ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். தாராளமாக ஒன்றரை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒப்புக்கொள்கிறாள், தலையும் குனிந்துவிட்டாள். ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒன்றரை வருஷத்தில் வருகிற நோயா?

இவ்வளவு பெருந்தன்மையான நோய் மனித உடம்புக்கு வேறு கிடையாது. எச்.பி.வி. என்கிற கிருமி ஒட்டுகிறது. பெரும்பாலும் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கின இடத்தில் செல்கள் மெல்ல முறை தவறி வளரும். அந்த முறைகேடு புற்றாக முற்றுவதற்குப் பத்து வருஷம், பதினைந்து வருஷம், சில சமயம் இருபதுகூட ஆகும். எமன் பதினைந்து வருஷம் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டுதான் வருகிறான். அந்தப் பதினைந்து வருஷத்தில் எந்த நாள் பார்த்திருந்தாலும் கால்மணி நேர வைத்தியத்தில், ஆபரேஷன் தியேட்டர்கூட இல்லாமல், அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்தோ சூட்டால் சுட்டோ முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். நோட்டீசுக்கு ஒருவரும் பதில் போடவில்லை. ஜப்தி செய்ய வந்த அன்றைக்கு மட்டும் வீட்டுக்காரியைப் பார்த்து, "ஏம்மா லேட்டு?"

பார்க்கிறதற்கு என்ன பெரிய மெஷின் வேண்டும் என்று கேட்பீர்கள். வினிகர். ஆமாம், ஊறுகாயில் ஊற்றுகிறோமே, அந்த வினிகர்தான். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் நூற்றுக்கு நான்கைந்து பங்காகக் கரைத்தது. பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கெடுகிற இடம் வெள்ளையாகத் திட்டுக் கட்டும். பயிற்சி எடுத்த நர்சம்மா பார்த்தே சொல்லிவிடலாம். இது ஏதோ ஸ்வீடனில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்துப் பக்கம் அம்பிளிக்கை என்ற ஊரை மையமாக வைத்து நடந்தது. 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுள்ள கிராமத்துப் பெண்கள் 49,000 பேருக்கு மேல் இந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் 31,000 பேருக்கு மேல். செய்தவர்கள் நர்சுகள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே, பார்க்காத ஊர்களோடு ஒப்பிட்டால், நோய் நூற்றுக்கு 25 குறைந்தது. சாவு 35 குறைந்தது. 2007-இல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. உலகமே படித்தது. ஆப்பிரிக்காவில் படித்தார்கள், தென்அமெரிக்காவில் படித்தார்கள். நம்முடைய பெண்களை வைத்து, நம்முடைய நர்சுகளை வைத்து, நம்முடைய ஊர்ப் பேரோடு உலகத்துக்குப் பாடம் எடுத்தாயிற்று. பாடம் எடுத்த வாத்தியார் வீட்டுப் பிள்ளைதான் இன்னும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு படித்தோம் என்பதற்கு மதிப்பெண் பட்டியலும் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் கருப்பைவாய்ச் சோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்து. அதுவும் முழுப் பத்து கிடையாது. இதில் நாம்தான் நாட்டின் முன்னணியில் இருக்கிறோம். பேனர் அடிக்கலாம்: "நூற்றுக்குத் தொண்ணூறு பெண்களைத் தொடாமலேயே முதலிடம்!"

2023 நவம்பரில் தமிழக அரசு ஒரு நல்ல காரியம் தொடங்கியது. வீட்டுக்கே போய் அழைப்பிதழ் கொடுத்து, வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும் சோதனை. முதல் நான்கு மாவட்டங்கள் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி. வாழ்க. அந்த நான்கில் புதுக்கோட்டை இல்லை. வேறொரு மாவட்டமாக இருந்தால் பேசாமல் போயிருப்பேன். புதுக்கோட்டை என்பதால்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1886 ஜூலை 30 அன்று இதே புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரித் தலைவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் வந்தவர். ஆண்கள் படிக்கிற கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா, அதுவும் அந்தக் குலத்துப் பெண்ணையா என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் குதித்தார்கள். தொண்டைமான் மகாராஜா சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். (மகாராஜா எடுத்த அந்த முடிவுக்கு இன்றைக்கு ஒரு கமிட்டி, ஒரு துணைக் கமிட்டி, ஒரு நீதிமன்றத் தடை எல்லாம் தேவைப்பட்டிருக்கும்.) 1912-இல் முத்துலட்சுமி டாக்டர்.

அந்த டாக்டரின் கண் முன்னால், 1923-இல் அவருடைய தங்கை செத்தாள். மலக்குடலில் புற்று. பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள், அது வயிற்றுக்கடுப்பு என்றார்கள். வயிற்றுக்கடுப்புக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உண்மை தெரிந்தபோது செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அக்காவே மருத்துவர், சென்னையில் அன்றைக்குக் கிடைக்கக்கூடிய வைத்தியமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அந்த வீட்டிலேயே லேட். அதற்காக முத்துலட்சுமி தங்கையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதாக எங்கும் பதிவில்லை. அவர் நாட்டைப் பார்த்துக் கேட்டார். புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா மேடையில் ஏறிக் கேட்டார். பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். சுதந்திரம் வந்த பிறகு போய்க் கேட்டபோது, புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஒரு ஆஸ்பத்திரி என்கிற மாதிரி ஒரு மந்திரி திருப்பிக் கேட்டதாக அடையாறு வரலாற்றில் சொல்வார்கள். அந்த மந்திரியை நான் கொஞ்சம் மதிக்கிறேன். மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்ன கடைசி மந்திரி அவராகத்தான் இருக்க வேண்டும். பின்னால் வந்தவர்களும் அதையேதான் நினைக்கிறார்கள். மேடையில் மட்டும் 'விழிப்புணர்வு' என்கிறார்கள்.

1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாறில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த வி. சாந்தாவும் அதைத் தூக்கி நிறுத்தியது உலகத்துக்கே தெரிந்த கதை; சாந்தா 2021-இல் சாகிற வரைக்கும் அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். இப்போது முத்துலட்சுமி பிறந்தநாளை மருத்துவமனை தினமாகக் கொண்டாட வேண்டும் என்று அரசு உத்தரவு இருக்கிறது, 2019-இல் போட்டது. கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, கோலப்போட்டி. தங்கைக்கு வயிற்றுக்கடுப்பு என்று மருந்து கொடுத்த அதே வைத்தியம்தான் ஆலங்குடிப் பக்கத்துப் பெண்ணுக்கு டானிக்காக நூறு வருஷம் கழித்தும் கிடைக்கிறது என்பதை அந்தக் கோலத்தில் எந்தப் புள்ளியில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

விழிப்புணர்வு என்றேனே, அதைப் பற்றியும் கொஞ்சம். பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, பதாகை கொடுத்து, கொடியசைத்து ஊர்வலம் விடுவார்கள். அக்டோபரில் ரோஸ் கலர் பலூன். மே 31-இல் புகையிலை ஒழிப்பு உறுதிமொழி. வலது கையை நீட்டி எல்லோரும் சொல்ல வேண்டும். பிறகு முகாம். முகாமுக்குப் பந்தல் உண்டு, மைக் உண்டு, சால்வை உண்டு, டீயும் வடையும் உண்டு. கருப்பைவாய்ச் சோதனைக்கு வேண்டியது ஒரு அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அது மட்டும் இருக்காது. பள்ளிக்கூட வகுப்பறையில் ஜன்னலுக்குச் சேலையைக் கட்டிவிட்டு, பெஞ்சை இழுத்துப் போட்டு, "வாங்கம்மா, கூச்சப்படாதீங்க" என்றால் எந்தப் பெண் போவாள்? வெளியே வேப்பமரத்தடியில் கொழுந்தன் நிற்கிறான், சித்தப்பா நிற்கிறார், வார்டு மெம்பர் நிற்கிறார். அவள் பிரஷர் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். சாயந்திரம் பத்திரிகைக்குச் செய்தி போகிறது: "முகாமில் ஏராளமானோர் பயன்பெற்றனர்." சிரித்தபடி மந்திரி, ரிப்பன், கத்தரிக்கோல். அறுபது ரூபாய் தாழ்ப்பாளுக்கு ஒதுக்கீடு இல்லாத துறைக்கு ரிப்பன் வெட்ட மட்டும் எப்படியோ தடையில்லாமல் கத்தரிக்கோல் கிடைத்துவிடுகிறது.

தடுப்பூசிக் கதை இன்னும் ருசியானது. கருப்பைவாய்ப் புற்றில் கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 என்கிற இரண்டு எச்.பி.வி. வகைகளைத் தடுக்கிற ஊசி 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2008-இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது, காசுள்ளவர்களுக்கு. 2009-இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பெண்பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எப்படிப் போட்டார்கள் என்றால், பழங்குடிப் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்காமல் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள். விவகாரம் வெடித்தது, வெடிக்க வேண்டியதுதான். 2010-இல் நிறுத்தினார்கள். கையெழுத்தில் அநியாயம் செய்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். தண்டனை ஊசிக்கும், அது கிடைக்காமல் வளர்ந்த ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகளுக்கும் கிடைத்தது.

அதே 2010-இல் பூட்டான் தன் பெண்பிள்ளைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தது. 2011-இல் ருவாண்டா. இனப்படுகொலையில் இடிந்துபோன நாடு, எழுந்து நின்று பதினேழு வருஷத்தில், பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஊசி போட்டுவிட்டது. 2017-இல் இலங்கை. நம் ஜெகதாப்பட்டினத்துக்காரர்களும் கோட்டைப்பட்டினத்துக்காரர்களும் படகெடுத்துப் போய், எல்லை தாண்டினார்கள் என்று பிடிபடுகிறார்களே, அதே இலங்கை. அங்கே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இலவசம். இங்கே மணமேல்குடியில் படிக்கிற பிள்ளைக்கு அந்த ஊசி வேண்டுமென்றால் அப்பன் தனியார் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது, அல்லது அரசாங்கத்துக்கு மனசு வர வேண்டியிருந்தது. மீனுக்குக்கூட எல்லைக்கோடு கிடையாது. ஊசிக்கு மட்டும் அந்தக் கடலில் யாரோ நன்றாகவே கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

2022-இல் புனேயில் நம்முடைய சொந்த ஊசியே தயாராகிவிட்டது. 2024 பிப்ரவரி 1-இல் மத்திய அரசின் இடைக்கால பட்ஜெட்டில், 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசியை அரசு 'ஊக்குவிக்கும்' என்றார்கள். ஊக்குவிப்பது. கைதட்டுவது. மறுநாள் ஒரு மும்பை நடிகை கருப்பைவாய்ப் புற்றுநோயில் செத்துவிட்டதாகச் செய்தி வந்து நாடே அதிர்ந்தது. அதற்கும் மறுநாள் அந்த அம்மாவே உயிரோடு வந்து, எல்லாம் விழிப்புணர்வுக்காகச் செய்ததுதான் என்றார். எல்லோரும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நான் திட்டமாட்டேன். 2022 கணக்குப்படி இந்தியாவில் ஏறக்குறைய 80,000 பெண்கள் அந்த ஒரு வருஷத்தில் இதே நோயில் நிஜமாகவே செத்தார்கள். அதற்கு வராத பிரேக்கிங் நியூஸ் ஒரு பொய்ச் சாவுக்கு வந்தது. இந்த நாட்டில் ஏழைப் பெண் செத்துக் காட்டினால் போதாது, நடிகை செத்துப் பிழைத்துக் காட்ட வேண்டும் என்பதை அந்த அம்மா சரியாகத்தான் கணித்திருந்தார்.

2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி என்று அறிவித்தார்கள். 36 கோடி ரூபாய், படிப்படியாக. பிள்ளைகள் படிப்படியாகவா வளர்கிறார்கள்? பதினான்கு முடிந்தால் பதினைந்துதான் வரும். "உன் மாவட்டத்துக்கு அடுத்த கட்டத்தில், அதுவரைக்கும் பதினான்கிலேயே இரும்மா" என்று ஒரு அரசாணை போட்டுவிட்டால் ஒழிய இந்தத் திட்டக் கணக்கு உதைக்கும்.

பெண்களைப் பற்றியே பேசுகிறேன் என்று ஆண்கள் வருத்தப்பட வேண்டாம். அவர்களுக்கு வாய் இருக்கிறது.

வாய்ப் புற்றும் நோட்டீஸ் கொடுத்துத்தான் வருகிறது. கன்னத்துக்குள் அழியாத வெள்ளைத் திட்டு, ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல். பாக்குப் போடுகிறவர்களுக்கு வாயே முழுசாகத் திறக்காமல் இறுகிக்கொண்டு வருவது. ஒரு டார்ச் லைட், ஒரு ஐஸ் குச்சி, இரண்டு நிமிஷம் போதும் பார்க்க. திருவனந்தபுரத்தில் இப்படி வாயைத் திறந்து பார்த்ததிலேயே, புகையிலையோ குடியோ உள்ளவர்களிடம் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-லேயே வந்துவிட்டது. வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் சொல்லிவிட்டது. நம் ஊரில் மொய்விருந்துப் பந்தியில் எழுந்திருக்கும்போதே தட்டு நீளும். போடாமல் வந்தால் மரியாதைக் குறைவு.

புகையிலைத் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2001-இல் தடை. 2013-இல் மறுபடி தடை. பிறகு வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கிற மாதிரி தடையைப் புதுப்பித்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்துக்குத் தடை போட்டது. தடைக்கு ரத்து, ரத்துக்குத் தடை. இத்தனை தடையிலும் தடையில்லாமல் கிடைத்தது சரக்கு மட்டும்தான். 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிக்கூடப் பையன்கள் உதட்டுக்குள் 'கூல் லிப்' புகையிலை வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டது. நீதிபதிக்குத் தெரிகிறது, வாத்தியாருக்குத் தெரிகிறது, பெட்டிக்கடைக்காரருக்குத் தெரிகிறது. பிடிக்கவேண்டியவர்களுக்குத்தான் தெரிவதில்லை. ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு டைரியே இருக்கிறதாம். 2016-இல் வருமான வரித்துறை ஒரு குட்கா நிறுவனத்தில் சோதனை போட்டபோது கிடைத்தது. அதில் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருந்ததாகச் சொல்லி விவகாரம் சி.பி.ஐ. வரைக்கும் போனது. 2018 செப்டம்பரில் அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர், அப்போதைய டி.ஜி.பி. ஆகியோர் வீடுகளில் சோதனை நடந்தது. அமைச்சர் சி. விஜயபாஸ்கர் நம் விராலிமலைத் தொகுதி, படிப்பில் டாக்டர். குற்றச்சாட்டை அவர் மறுத்திருக்கிறார். அவர்மீது வழக்குத் தொடர 2022-இல் அடுத்த ஆட்சி அனுமதி கொடுத்தது. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். நான் சொல்லப் போவதில்லை. புற்றுநோயைத் தடுக்கிற துறையும் குட்கா வழக்கும் ஒரே வரியில் எழுதும்படி ஒரு மாநிலத்துக்கு நேர்ந்ததே, அதைத்தான் சொல்கிறேன். அந்த வரியில் வருகிற மாவட்டம் முத்துலட்சுமியின் மாவட்டம்.

ஒரு கட்சியைத் திட்டியதாக மறு கட்சி சந்தோஷப்பட வேண்டாம். மது புற்றை உண்டாக்கும் என்று அதே ஆய்வு முகமை 1988-லேயே முதல் வகுப்பில் பாஸ் போட்டுவிட்டது. அதைத் தமிழ்நாட்டில் சில்லறையாக விற்கிற ஏகபோகம் 2003 முதல் அரசாங்கத்திடமே. யார் ஆண்டாலும் வியாபாரத்தைக் கைவிட்டதில்லை. இப்போது வருஷத்துக்கு 45,000 கோடிக்கு மேல் வருமானம். 36 கோடியில் படிப்படியாக ஊசி. 45,000 கோடிக்கு மேல் ஒரே வருஷத்தில் பாட்டில். பாட்டிலிலேயே உயிருக்குக் கேடு என்று எழுதியும் இருக்கிறது. எழுதிவிட்டுத்தானே விற்கிறோம் என்கிற அந்த நேர்மையை என்ன சொல்ல.

டெல்லிக்காரர்களும் இளைத்தவர்கள் இல்லை. எல்.ஐ.சி. 2017-இல் 'கேன்சர் கவர்' என்று ஒரு பாலிசி கொண்டுவந்தது. கேன்சர் வந்தால் பணம். நல்லதுதான். அதே எல்.ஐ.சி. சிகரெட் விற்கிற ஐ.டி.சி. நிறுவனத்தில் சுமார் 15 சதவீதப் பங்கை வைத்திருக்கிறது. பொன்னமராவதியில் ஒரு வாத்தியார் கட்டுகிற பிரீமியத்தில் ஒரு பகுதி சிகரெட் கம்பெனிக்குப் போகிறது. சிகரெட் அவர் நுரையீரலுக்குப் போகிறது. நுரையீரலில் வந்தால் பாலிசி அவருக்கு வருகிறது. வட்டம் பூர்த்தி. இவ்வளவு கச்சிதமாக வேறு எந்தத் திட்டமும் இந்த நாட்டில் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஆலங்குடிப் பெண் என்ன ஆனாள்? சிகிச்சை இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பாவம். முள்ளூரில் 2017-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. அதற்கு வருமானச் சான்று வேண்டும், சான்றுக்கு வி.ஏ.ஓ. வேண்டும், வி.ஏ.ஓ. அன்றைக்குக் கூட்டத்துக்குப் போயிருப்பார். ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிற ரேடியேஷன் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். அதோடு வாரம் ஒருமுறை கீமோ ஊசி. அதற்கப்புறம் உள்ளே வைத்துக் கொடுக்கிற ரேடியேஷன் தனி. தஞ்சாவூரோ திருச்சியோ மதுரையோ, தினமும் பஸ்ஸில் போய்வர உடம்பில் தெம்பு கிடையாது. அங்கேயே தங்கினால் வாடகை, சாப்பாடு, கூட ஒரு ஆள், அந்த ஆளின் கூலி. காப்பீட்டு அட்டையில் வாடகைக்கும் கூலிக்கும் இடமில்லை. ஆடி வரட்டும் என்று புருஷன் சொல்கிறான். ஆடி மாதம் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய்விருந்து. பந்தல் போட்டு, கிடாய் வெட்டி, நோட்டுப் போட்டு எழுதினால் லட்சக்கணக்கில் சேரும். பின்னால் ஒவ்வொருவருக்கும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அரசாங்கம் விட்ட இடத்தைக் கிடாய்கள் அடைக்கின்றன. ஆனால் வைகாசியில் ஆரம்பிக்க வேண்டிய கரண்ட் ஆடிக்குத் தள்ளிப்போகிறது. ஆடிக்குப் போனால் அங்கே என்ன கேட்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா.

ஜூலை 30 வருகிறது. ஆடி மாதம்தான் அதுவும். மாவட்டத்தில் ஒரு மேடை போடுவார்கள், நாற்காலி போடுவார்கள், முதல் வரிசைக்குத் துண்டு போட்டு வைப்பார்கள். எனக்கு ஒரு சின்ன யோசனை. மேடைப் படிக்குக் கீழே கிராம செவிலியர் ஒருவர் டார்ச் லைட்டும் ஐஸ் குச்சியுமாக நிற்கட்டும். மந்திரி, எம்.பி., எம்.எல்.ஏ., கலெக்டர், ஒன்றியம், பேரூராட்சி, மாலை கொண்டுவந்தவர், மாலை போடப்போகிறவர், யாராக இருந்தாலும் படியில் கால் வைக்கும்முன் வாயைத் திறந்து காட்டிவிட்டு ஏறட்டும். முதல் வரிசையில் உட்கார வருகிற பெண்களுக்குப் பக்கத்து அறையில் வினிகர் சோதனை; தாழ்ப்பாள் போட்ட அறையில். கன்னத்தில் வெள்ளைத் திட்டு இருப்பவருக்கு அன்றைக்கு மாலை கிடையாது, தஞ்சாவூருக்கு டிக்கெட் மட்டும், அதுவும் டவுன் பஸ்ஸில்.

முதலில் வாய் டெஸ்டிங். மைக் டெஸ்டிங் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.